“சாஃப்ட்வேர் போயிருச்சு”: கம்பம் பள்ளத்தாக்கில் செத்துப் பிழைத்த போன்களின் கதை

நம்ம வரலாற்று எபிசோடுகளில் இதுவரைக்கும் அணை வந்திருக்கு, ஜமீன் வந்திருக்கு, ரயில் வந்திருக்கு. இன்னைக்கு ராஜா இல்லை, கல்வெட்டு இல்லை. இந்த எபிசோடை நீங்க எதுல கேட்டுக்கிட்டு இருக்கீங்களோ அந்தப் பொருளோட கதைதான். போன். அதுவும் நல்லா ஓடுற போன் இல்லை. ராத்திரி அப்டேட் போட்டு, காலையில எழுந்து பார்த்தா கறுப்புத் திரையோட கிடக்குற போன்.

தேனி மாவட்டத்துல எந்த செல்போன் சர்வீஸ் கடையில நின்னாலும் ஒரு சொல் காதுல விழும்: “சாஃப்ட்வேர் போயிருச்சுண்ணே.” போனில் என்ன கோளாறு என்றாலும் ரெண்டே பிரிவுதான். ஒண்ணு “போர்டு போச்சு”, இன்னொண்ணு “சாஃப்ட்வேர் போச்சு”. முதலாவது என்றால் முகம் வாடிவிடும். இரண்டாவது என்றால் ஒரு நம்பிக்கை. போனதைத் திரும்பப் “போட்டுக்கலாம்”. மென்பொருளை ஒரு பொருள் மாதிரி, கழன்று விழுந்த பல்சக்கரம் மாதிரி பேசுற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்த எபிசோடு உருவானது.

2020 டிசம்பர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஷாவ்மி நிறுவனத்தின் மி ஏ3 என்று ஒரு போன். 2019 ஆகஸ்டில் இந்தியாவில் 12,999 ரூபாய்க்கு வந்தது. அதன் கவர்ச்சியே “ஆண்ட்ராய்டு ஒன்” என்கிற முத்திரைதான். நிறுவனத்தின் சொந்தச் சரக்கு எதுவும் கலக்காத சுத்தமான ஆண்ட்ராய்டு, காலாகாலத்தில் வந்து சேரும் அப்டேட். 2020-ம் ஆண்டு முடிகிற தறுவாயில் அந்த போனுக்கு ஆண்ட்ராய்டு 11 வந்தது. பலரும் ஆசையாக இன்ஸ்டால் செய்தார்கள். போன் ரீஸ்டார்ட் ஆகப் போனது. திரும்பி வரவே இல்லை. பவர் பட்டனை அழுத்தினாலும் ஒன்றுமில்லை, சார்ஜர் போட்டாலும் ஒன்றுமில்லை. ட்விட்டர் முழுக்கப் புகார். நிறுவனம் அப்டேட்டை நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், வாரன்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று அறிவித்தது. ஒரு நிறுவனம் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவது அபூர்வம், அதைச் சொல்லியே ஆகணும்.

ஆனா “பக்கத்து சர்வீஸ் சென்டர்” என்கிற சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. சென்னையில் அது ஒரு ஆட்டோ தூரம். கம்பத்தில்?

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பு தெரியாதவர்களுக்காக: மேற்கே கேரள எல்லையாக ஒரு மலைச்சுவர், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஒரே சாலையில் கோத்த ஊர்கள். பெரியாறு தண்ணியில் நெல், வாழை, பன்னீர் திராட்சை. விடிவதற்கு முன்னாலேயே ஜீப் ஜீப்பாகத் தொழிலாளர்கள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு மலை ஏறுவார்கள். கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். தேனியிலிருந்து மதுரைக்கு இன்னும் 75 கிலோமீட்டருக்கு மேல். மதுரை – போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதை வேலைக்காக 2010 இறுதியில் நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். கம்பத்துக்கு ரயிலே கிடையாது. ஆக, 2021 ஜனவரியில் செத்துப்போன போனை எடுத்துக்கொண்டு கிளம்புபவருக்கு இருந்த ஒரே வழி பஸ். அதிலும் ஒருநாள் கூலி போகும். “இலவசம்” என்பதற்குள் இந்தக் கணக்கு வராது.

அதனால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரைவிட, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஆறடிக்கு எட்டடி கடைதான் முதல் ஆஸ்பத்திரி. அந்தக் கடைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

நோக்கியா காலத்துக்குப் போவோம். டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 வந்தது 2003-ல். ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 தொடக்கத்தில். அந்த போன்களுக்கு அப்டேட் என்று ஒன்று வருவதாகப் பயனாளிக்குத் தெரியவே தெரியாது. உள்ளே இருக்கிற மென்பொருள் கெட்டால் “ஹேங்” ஆகும், அல்லது வெள்ளைத் திரையோடு நிற்கும். கடைக்காரரிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். யு.எஃப்.எஸ், ஜாஃப் என்று பெயர்கள். ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகி, இன்னொரு முனையின் ஊசிகளை போனின் பேட்டரிக்குக் கீழே இருக்கும் புள்ளிகளில் பொருத்தி, மென்பொருளை முழுசாகத் திரும்ப எழுதுவார். இதைத்தான் ஊர் “சாஃப்ட்வேர் போடுறது” என்று சொன்னது. அந்தச் சொல் கச்சிதமான சொல். ஏனென்றால் அவர் உண்மையிலேயே ஒரு பொருளைக் கழற்றி இன்னொன்றைப் போடுகிற மாதிரிதான் வேலை செய்தார்.

இதில் பெரிய எதிரி வைரஸ் இல்லை, கரண்ட்! 2008-லிருந்து 2013 வரைக்கும் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்க அக்கா, அண்ணன்களைக் கேளுங்க. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தால் பழைய மென்பொருளும் இல்லை, புதுசும் இல்லை. போன் “டெட்”. பிறகு கரண்ட் வந்ததும் டெட் ஆன போனுக்கான தனி வழியில் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். இன்றைக்கு அப்டேட் திரையில் “பேட்டரி போதுமான அளவு இருக்கட்டும்” என்று ஒரு எச்சரிக்கை வருகிறதே, நாம படிக்காமலே ஓகே அழுத்துகிறோமே, அதே பாடத்தை இந்தக் கடைகள் இன்வெர்ட்டர் வாங்கிக் கற்றுக்கொண்டன.

அடுத்து வந்தது “சைனா செட்”. எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

2007, 2008 வாக்கில் பர்மா பஜாரிலிருந்து பெரியகுளம் வரைக்கும் சைனா செட் பரவியது. ரெண்டு சிம், ஏரியல் இழுத்து டிவி பார்க்கலாம், நாலு தெருவுக்குக் கேட்கும் ஸ்பீக்கர். உள்ளே பெரும்பாலும் தைவானின் மீடியாடெக் சிப். பிராண்ட் பெயர் என்னவென்று கேட்டால் வாங்கியவருக்கே தெரியாது. பிரச்சினை, இவற்றில் பலவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ எண்ணே கிடையாது. அல்லது வெறும் பூஜ்ஜியம். அல்லது ஆயிரக்கணக்கான செட்டுகளுக்கு ஒரே எண். ஐ.எம்.இ.ஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாளம். *#06# அடித்தால் வருமே, அது.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்த எண் இல்லாத போன்களைப் பற்றிய கவலை கூடியது. தொலைத்தொடர்புத் துறை பலமுறை கெடுவைத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2009 நவம்பர் 30-க்குப் பிறகு முறையான ஐ.எம்.இ.ஐ இல்லாத போன்களுக்கு இணைப்பு கூடாது என்று முடித்துவிட்டது. அன்றைய செய்திகள் அப்படிப்பட்ட போன்கள் சுமார் இரண்டரைக் கோடி என்று மதிப்பிட்டன. யோசித்துப் பாருங்க, ஒரே இரவில் இரண்டரைக் கோடி போன் செங்கல். மென்பொருளில் எந்த மாற்றமும் செய்யாமல், மறுபக்கம் நெட்வொர்க் கதவை மூடியதால் செங்கல்.

இதற்கு அரசும் செல்போன் நிறுவனங்களின் சங்கமும் ஒரு வழி வைத்திருந்தன. பெயர், ஜெனுயின் ஐ.எம்.இ.ஐ இம்பிளான்ட். 199 ரூபாய் கொடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட கடையில் கேபிள் செருகி, உங்கள் போனுக்கென்று புது எண்ணை உள்ளே எழுதித் தருவார்கள். எனக்குத் தெரிந்து, செத்த போன்களை மென்பொருள் வழியாக உயிர்ப்பிக்கும் வேலையை அரசே ஒப்புக்கொண்டு கூட்டமாக நடத்திய தருணம் இது ஒன்றுதான். அங்கீகாரம் இல்லாத கடைகளும் சும்மா இருக்கவில்லை. அதே வேலையை அதே மாதிரி கேபிளில் குறைந்த காசுக்குச் செய்தன. எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு மருத்துவமாக இருந்தது பிறகு குற்றமானது. ஐ.எம்.இ.ஐ எண்ணை மாற்றுவதைத் தடைசெய்து 2017-ல் விதி வந்தது. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். திருட்டு போன் விற்பவனைத் தடுக்க இது தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனா மீடியாடெக் போனில் தவறான முறையில் சாஃப்ட்வேர் போட்டால் அந்த எண் இருக்கும் பகுதியும் சேர்ந்து அழிந்துபோகும். போன் ஆன் ஆகும், சிம் எடுக்காது. பெட்டியில் அச்சடித்திருக்கிற அதே எண்ணைத் திரும்ப எழுதுகிற மெக்கானிக்கும், திருட்டு போனுக்கு வேறு எண் எழுதுகிறவனும் கம்ப்யூட்டர் திரையில் அழுத்துவது ஒரே பட்டன். அதனாலேயே நல்ல கடைக்காரர்கள் பில்லும் பெட்டியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

நடுவில் தமிழ் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன அத்தியாயம். ஆண்ட்ராய்டு 2.2, 2.3 வந்த பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினி உலாவியில் ஒரு ரகசிய அமைப்பை மாற்றினால் எழுத்துகளைப் படமாக அனுப்பும்; அப்படித்தான் பலர் தமிழ்ப் பக்கங்களைப் படித்தோம். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-லேயே கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்திருந்தாலும், போனின் எல்லா மூலையிலும் தமிழ் தெரிவதற்கு இயங்குதளமே மாறவேண்டியிருந்தது. பொறுமை இல்லாதவர்கள் போனை “ரூட்” செய்து, சிஸ்டத்தின் எழுத்துரு ஃபோல்டருக்குள் ஒரு தமிழ் எழுத்துருவைத் திணித்தார்கள். கட்டம் போய் எழுத்து வந்தது. ஆனால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது! ஃபைலின் அனுமதியைச் சரியாக வைக்காமல் விட்டால் போன் லோகோவைத் தாண்டாது. தமிழ் படிக்க ஆசைப்பட்டு போனைச் செங்கலாக்கிய ஒரு தலைமுறை இருக்கிறது என்பதை இளசுகள் தெரிஞ்சுக்கணும். ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது.

“செங்கல்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது 2007-ல். முதல் ஐபோன் அமெரிக்காவில் ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டி விற்கப்பட்டது. பூட்டை உடைத்துப் பயன்படுத்தியவர்களுக்கு, அடுத்த அப்டேட்டில் போன் நிரந்தரமாகச் செயலிழக்கலாம் என்று ஆப்பிள் 2007 செப்டம்பர் 24 அன்று எச்சரித்தது. மூன்று நாளில் 1.1.1 வந்தது, சொன்ன மாதிரியே பூட்டு உடைத்த போன்கள் செங்கலாயின. இந்தியாவில் ஐபோன் அதிகாரபூர்வமாக வந்ததே 2008 ஆகஸ்டில். அதற்கு முன் இங்கே வந்தவை எல்லாம் பூட்டு உடைத்து வந்தவைதான்.

2016-ல் இன்னும் மோசம். ஐபோன் 6-ன் ஹோம் பட்டனை வெளிக்கடையில் மாற்றியவர்களுக்கு, ஐ.ஓ.எஸ் 9 அப்டேட் போட்டதும் “எர்ரர் 53” என்று வந்து போன் செத்தது. முதலில் இது பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டு, போனை மீட்கும் மென்பொருளை வெளியிட்டார்கள். வெளிக்கடையில் பழுதுபார்த்ததைக் காரணம் காட்டிச் சேவை மறுத்ததற்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கம்பத்துக் கடைக்காரருக்கும் சிட்னி நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. போன் என் சொத்து, ஆனால் அதைத் திறந்து சரிசெய்ய யாருக்கு உரிமை என்கிற கேள்வி அபராதத் தொகையோடு எழுதப்பட்டது அங்கே.

சரி, மி ஏ3-க்குத் திரும்புவோம். அதற்கு முன்னால் ஒரு இடைச்செருகல். ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை 2014 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் அறிமுகம் செய்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று இந்திய பிராண்டுகள், 6,399 ரூபாயிலிருந்து விலை. ஏழை போனுக்கும் கூகுளிடமிருந்தே அப்டேட் வரும் என்பதுதான் வாக்குறுதி. அடுத்த ஏழு வாரத்துக்குள், நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான தேதி கிடைக்காது.

ஆனா வாக்குறுதி இருந்தாலும் 2016 வரைக்கும் நம்ம ஊரில் பெரும்பாலானவர்கள் அப்டேட் போடவே இல்லை. 1 ஜி.பி. டேட்டாவை மாசம் முழுக்க வைத்துக்கொண்டிருந்தவர், 1 ஜி.பி. அப்டேட்டுக்கு அதைச் செலவழிப்பாரா? 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்ததும் கதை மாறியது. டேட்டா தண்ணியாக ஓடியது, அப்டேட் தானாக இறங்கியது. கடைக்காரர்களுக்கு இரண்டு விதமாக இது தெரிந்தது. முன்பெல்லாம் மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வந்த மென்பொருளை இப்போது கடையிலேயே இறக்கிக்கொள்ள முடிந்தது. இன்னொரு பக்கம், முன்பு ஒவ்வொன்றாக வந்த நோயாளிகள், ஒரு அப்டேட் சொதப்பினால் ஒரே வாரத்தில் ஒரே மாடலாகக் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

மி ஏ3 ஏன் அப்படிச் செத்தது, ஏன் அதிர்ச்சியாக இருந்தது என்று புரிய ஒரு சின்ன விளக்கம். 2016-ல் ஆண்ட்ராய்டு 7 “ஏ/பி” என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. போனுக்குள் இயங்குதளத்துக்கு ரெண்டு இடம். நீங்க ‘ஏ’-வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசு ‘பி’-யில் எழுதப்படும். ‘பி’ எழுந்திருக்கவில்லை என்றால் போன் தானாக ‘ஏ’-வுக்குத் திரும்பும். மி ஏ3-யில் இந்த வசதி உண்டு. பிறகு எப்படி?

பெரியாறு பாசனத்தை நினைச்சுக்கோங்க. வயலுக்கு ரெண்டு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கீங்க. ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்றில் தண்ணி விடலாம். ஆனா மடையைத் திருப்பிவிட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இருக்கிற இடத்துக்கே தண்ணி வரவில்லை, தலைமதகே அடைபட்டுவிட்டது என்றால் ரெண்டு வாய்க்கால் இருந்தும் வயல் காயும். போனில் அந்த மடை திருப்புகிற ஆள்தான் பூட்லோடர். ‘பி’ எழுந்திருக்கவில்லை என்று எண்ணிப் பார்த்து ‘ஏ’-வுக்கு மாற்றவேண்டியது அதுதான். போன் அந்த இடம்வரைக்கும்கூட வரவில்லை என்றால் இரண்டாவது பிரதி இருந்தும் பயனில்லை. திரையில் லோகோகூட வராது.

அதற்கும் கீழே ஒரு அடுக்கு உண்டு. சிப்பைத் தயாரிக்கும்போதே பொறித்துவிட்ட, எந்த அப்டேட்டும் தொட முடியாத ஒரு குட்டி நிரல். மேலே எதுவுமே கிடைக்காதபோது அது யு.எஸ்.பி வழியாகக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். குவால்காம் சிப்பில் இதற்கு எமர்ஜென்சி டவுன்லோடு, சுருக்கமாக இ.டி.எல் என்று பெயர். விண்டோஸ் திரையில் “9008” என்று ஒரு எண் தோன்றும். கம்பத்தில் ஒரு கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: “9008 வந்துருச்சுன்னா போன் சாகலைன்னு அர்த்தம் தம்பி. மயக்கத்துல இருக்கு, அவ்வளவுதான்.” தானாக வரவில்லை என்றால் பின்மூடியைக் கழற்றி, போர்டில் ரெண்டு புள்ளிகளை ட்வீசரால் தொட்டுக்கொண்டே கேபிளைச் செருகுவார்கள். “டெஸ்ட் பாயின்ட்”. இடுக்கியால் நாடி பிடிப்பது.

இங்கேதான் பூட்டு வருகிறது. நாடி துடித்தாலும் மருந்து கொடுக்க அனுமதி வேணும். கடந்த சில ஆண்டுகளாக ஷாவ்மி போன்களில் இ.டி.எல் வழியாக எழுதவேண்டும் என்றால் நிறுவனம் அங்கீகரித்த கணக்கு ஒன்று தேவை. அது சர்வீஸ் சென்டரிடம் இருக்கும், தெருக்கடையிடம் இருக்காது. அதனால் ஒரு விசித்திரமான சந்தை பிறந்தது. கம்பத்தில் போன் கேபிளில் கிடக்கும்; எங்கோ ஒரு ஊரில் அந்தக் கணக்கு வைத்திருப்பவர் டீம்வியூவரில் உள்ளே வந்து கடவுச்சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் போவார், அதற்கு ஒரு கட்டணம். வேலை முழுக்க இங்கே, அனுமதி மட்டும் வாடகைக்கு.

இந்தப் பூட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. திருடிய போனைத் துடைத்து விற்பதைத் தடுக்கணும். கடையில் கெட்டது எதையாவது ஏற்றி விற்பதைத் தடுக்கணும். ஆனா அப்டேட்டை அனுப்பி போனைக் கவிழ்த்தது நிறுவனம். நிமிர்த்தும் சாவியும் அதே நிறுவனத்திடம் மட்டும். 115 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அந்தச் சாவியால் என்ன பயன்? நான் கடைக்காரர்கள் பக்கம்தான் சாய்கிறேன், மறைக்கவில்லை.

இனி, நான் பேசிய கடைகளில் எல்லாம் திரும்பத் திரும்ப வந்த விஷயம். மக்கள் வந்து கேட்பது போனை இல்லை. “போன் போனாப் போகுதுண்ணே, போட்டோவ மட்டும் எடுத்துக் குடுங்க.” இறந்துபோன அப்பாவின் குரல் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் இருக்கும். பொண்ணு காதுகுத்துப் படங்கள் இருக்கும்.

பழைய போன்களில் கைதேர்ந்தவர்கள் இதைச் செய்தார்கள். போன் எழவில்லை என்றாலும் போர்டில் நேரடியாகக் கம்பி பற்றவைத்து, நினைவகத்தைத் தனியாகப் படித்துப் படங்களை மீட்டார்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து புதிய போன்கள் பலவற்றின் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது. சாவி அந்த சிப்புக்குள், உங்கள் பேட்டர்ன் லாக்கோடு பிணைந்து கிடக்கிறது. நினைவகத்தைப் பிய்த்து எடுத்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எண்கள். உங்கள் அந்தரங்கத்துக்கு இது மிக நல்லது. செத்த போனுக்கு இது கொடுமை. சர்வீஸ் சென்டரில் கையெழுத்து வாங்கும் தாளில் “டேட்டா இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற வரி இருப்பதன் பொருள் இதுதான். மி ஏ3-க்குத் தரப்பட்ட இலவசப் பழுதுபார்ப்பும் போனைத் திருப்பித் தரும் வாக்குறுதி, படங்களைத் திருப்பித் தரும் வாக்குறுதி அல்ல.

இன்னொரு கண்ணி, ஜிமெயில். ஆண்ட்ராய்டு 5.1 முதல், போனைக் கடை வழியாக முழுசாக அழித்து எழுப்பினால், முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். பள்ளத்தாக்கில் எத்தனையோ பேருக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது போன் விற்ற கடைப் பையன். பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இல்லை, இவருக்கும் தெரியாது. ஓடிபி போகும் நம்பர் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் செத்த நம்பர். சாஃப்ட்வேர் போட்டு முடித்து, போன் அழகாக எழுந்து, “நீங்கள் யார்?” என்று கேட்கும். உரிமையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், நிரூபிக்க வழி இருக்காது.

2021 ஜனவரியில் இதெல்லாம் என்ன அர்த்தம் கொண்டிருந்தது என்று பார்க்கணும். பள்ளிகள் 2020 மார்ச்சிலிருந்து மூடிக்கிடந்தன. 10, 12-ம் வகுப்புகள் மட்டும் ஜனவரி 19-ல் திறந்தன. மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு என்றால் வாட்ஸ்அப் குழு, வீட்டில் இருக்கிற அந்த ஒரே போன். அப்பா ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறினால் போனும் மலை ஏறிவிடும். சாயங்காலம் இறங்கி வந்த பிறகுதான் பாடம். அந்த ஒரு போன் “சாஃப்ட்வேர் போன” வாரம், அந்த வீட்டில் பள்ளிக்கூடமும் மூடிய வாரம்.

இப்போது கைபேசியின் மேல் ஏற்றியிருக்கிற பாரம் அதைவிடக் கூடியிருக்கு. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையின் பணித்தளங்களில் வருகைப் பதிவு செல்போன் செயலி வழியாகத்தான் என்று ஆனது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றணும் என்று விதித்தார்கள். அந்தப் பெண்ணின் போன் ஒரு அப்டேட்டில் லோகோவில் நின்றால், அன்றைக்குக் கண்மாயில் மண் வெட்டிய எல்லோருடைய வருகைக்கும் அவர் பதில் சொல்லணும். சாயங்காலம் சர்வீஸ் கடையில் அவசரம் காட்டுகிறவர்களில் சிலர் ஏன் அப்படிக் காட்டுகிறார்கள் என்று இப்போது புரியும்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமும் தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அதில் பகிர்கின்றன. நல்ல தொடக்கம்தான். இ.டி.எல் சாவி தெருக்கடைக்கு வந்துசேர அது இன்னும் எவ்வளவோ தூரம் போகணும்.

மி வரிசையில் ஏ4 என்று ஒன்று வரவே இல்லை. ஏ3-யோடு ஆண்ட்ராய்டு ஒன் கதையை ஷாவ்மி முடித்துக்கொண்டது. அப்டேட்டுக்கு அப்புறம் திரையில் வருகிற பச்சைக் கோடு பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது பெரும்பாலும் “போர்டு போச்சு”, “சாஃப்ட்வேர் போச்சு” ரெண்டிலும் அடங்காத மூன்றாவது சாதி, டிஸ்பிளே. அதுக்குத் தனி எபிசோடு போடுறேன். அதுவரைக்கும் ராத்திரி அப்டேட் போடுறதுக்கு முன்னாடி கூகுள் போட்டோஸ்ல பேக்கப் முடிஞ்சிருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க. அம்மா போன்லயும் பாத்துடுங்க.